நீ ஏறுவியா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். இட்டேரிகள் (இருபுறமும் வேலி அமைந்த வண்டித்தடங்கள்) அழிந்ததைப் பற்றி நீங்கள் முன்பு எழுதிய கட்டுரையில், ‘மரங்களை நேசிக்கிறேன் என்று சொல்கிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஒரு சின்னச் சந்தேகம் உண்டு’ என்று ஒரு வரி இருந்தது. படித்த அன்றைக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. இப்போது அந்தச் சந்தேகம் எனக்கே என்மேல் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் மூலனூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். 23 வருடங்களாகச் சர்வதேச மேம்பாட்டுத் துறையில் இருக்கிறேன். குடிநீர், சிறு விவசாயிகளின் வருமானம் என்று திட்டம் போடுவது, நடத்துவது, பிறகு அது நடந்ததா என்று கணக்குப் பார்ப்பது. கம்போடியா, ஐவரி கோஸ்ட், மடகாஸ்கர் எல்லாம் சுற்றிவிட்டு இப்போது நைரோபியில் இருக்கிறேன். வேலை சோறு போட்டது. பித்துப் பிடித்தது பனைக் குடும்பத்தின்மேல்.

கம்போடியாவில் வயல் வரப்புகளில் நம் ஊர்ப் பனை அப்படியே நிற்பதைப் பார்த்து முதல் வாரம் தூக்கம் வரவில்லை. அங்கே கம்போங் ஸ்பூ மாகாணத்துப் பனஞ்சர்க்கரைக்கு 2010-இல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள். ஐவரி கோஸ்டில் அதற்கு நேர்மாறு. கள்ளுக்காகப் பனையின் குருத்தையே சீவுகிறார்கள். சில வாரம் கள் வரும், அப்புறம் மரம் மொட்டைக் கம்பமாகிவிடும்.

மடகாஸ்கர் போனதும் பித்து முற்றிவிட்டது. அந்தத் தீவில் ஏறத்தாழ 200 பனை வகைகள், பெரும்பாலும் வேறெங்கும் கிடையாதவை. 2012-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அவற்றில் 83 சதவீதம் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. தஹினா என்ற பனையும் அங்கேதான். முந்திரித் தோட்டம் நடத்திய ஒரு குடும்பத்தின் கண்ணில் பட்டு, 2008-இல் அறிவியல் பெயர் பெற்ற மரம். இலை ஒன்று ஐந்து மீட்டர் அகலம். பல ஆண்டு வளர்ந்து, ஒரே ஒரு முறை உச்சியில் பூத்துக் காய்த்துச் செத்துப்போகும். கண்டுபிடித்தபோது நூறு மரம்கூட இல்லை. அதன் விதைகளை உலகெங்கும் உள்ள பனைப் பிரியர்களுக்கு விற்று, வந்த பணத்தை அந்தக் கிராமத்துக்குச் சேர்த்தார்கள். என் தொழிலும் என் பித்தும் ஒன்றாகச் சேர்ந்த இடம் அது ஒன்றுதான்.

ஊரில் எனக்குப் பங்காக வந்த ஏழு ஏக்கரில் உலகப் பனைகளின் தோப்பு ஒன்று வைக்க வேண்டும் என்று ஆசை. அங்கங்கே நர்சரிகளில் வாங்கிய 60 தொட்டிகள் வீட்டு வாசலில் இருக்கின்றன. அம்மாதான் தண்ணீர் ஊற்றுகிறார். ‘இதுல எதுடா காய்க்கும்?’ என்று கேட்கிறார். அடுத்த முறை வரும்போது மடகாஸ்கர் விதைகள் கொஞ்சம் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்றிருக்கிறேன்.

போன சித்திரையில் வந்தபோது பொழியில் (வரப்பில்) நின்ற 30 பனைகளில் 11 இல்லை. காட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் (பெரியப்பா மகன்) செங்கல் சூளைக்குக் கொடுத்திருக்கிறார். மரத்துக்குச் சில நூறு ரூபாய். நான் சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: ‘கண்ணு, நீ வருசத்துக்குப் பத்து நாள் வர்றே. காஞ்ச மட்டை உழுந்து தறிக்கொட்டாய் சீட்டு ஒடையுது. பழம் உழுந்து ஆடு ஒண்ணு செத்துப்போச்சு. ஏற ஆளு ஆரு இருக்கறாங்க? நீ ஏறுவியா?’

எனக்குப் பதில் வரவில்லை. என் ஆர்வமெல்லாம் வெளிநாட்டுச் சம்பளத்தில் வளர்த்த பொழுதுபோக்குதானா? ஏழு ஏக்கரை என்ன செய்யட்டும்? உங்கள் சந்தேகத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் ஆக நல்ல வரியை எழுதியது நீங்கள் இல்லை, உங்கள் அண்ணன். கம்போடியா, மடகாஸ்கர் என்று நீங்கள் சுற்றிக் காட்டியதையெல்லாம் ரசித்துப் படித்துக்கொண்டு வந்தேன். ‘நீ ஏறுவியா?’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தக் கேள்வி எனக்கும்தான். நானும் ஏறியதில்லை.

காங்கேயத்துக்குத் தெற்கே எங்கள் அப்பாருவுக்கு (தாத்தாவுக்கு) ஒரு கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேலா மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பார்கள். வேலியோரமாக நாற்பது பனை இருக்கும். யாரும் நட்டதில்லை. பழம் விழுந்து, மாடு சப்பிப் போட்ட கொட்டை, வேலி முள்ளின் காவலில் முளைத்து வந்தவை. தை பிறந்ததும் மரமேறும் குடும்பம் ஒன்று வந்து காட்டுமூலையில் ஓலைச்சாளை போடும். ஆனி வரை இருப்பார்கள். விடியலில் அந்தக் குடும்பத்துப் பெரியவர் இறக்கிவந்த தெளுவை, அதாவது பதநீரை, ஓலைப்பட்டையில் ஊற்றிக் கொடுப்பார். முட்டியின் (மண்கலயத்தின்) உள்ளே தடவிய சுண்ணாம்பு அடியில் வெள்ளையாகத் தங்கியிருக்கும். வெயில் ஏறியபின் அவர் மனைவி தெளுவைக் காய்ச்சுவார். பதம் வந்ததும் கொட்டாங்குச்சிகளில் ஊற்றிவைத்தால் மதியத்துக்குக் கருப்பட்டி. அந்த அடுப்பின் ஓரத்தில் நாங்கள் பிள்ளைகள் நாலைந்து பேர் வாணாச்சட்டியைச் சுரண்டுவதற்காகவே உட்கார்ந்திருப்போம்.

இதுவரைக்கும் எல்லாரும் எழுதுகிற கதைதான். எழுதாமல் விடுவது ஒன்று இருக்கிறது. அந்த மனிதர் எங்கள் அப்பாருவைவிட மூத்தவர். காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று என்று நாளுக்கு இரண்டு முறை அத்தனை மரமும் ஏறி இறங்கியவர். நெஞ்சுத்தோல் காய்த்துக் கறுத்திருக்கும். அரை டவுசர் போட்ட நாங்கள் அவரை ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிட்டோம். அவர் எங்களை ‘சாமி’ என்றார். யாரும் எங்களைத் திருத்தவில்லை. இன்றைக்குச் சேரனுக்குப் பனம்பூ மாலை, ஓலையில் வந்த தமிழ் என்றெல்லாம் மேடையில் பேசும்போது எனக்கு அந்தச் ‘சாமி’தான் காதில் விழுகிறது.

1987-இல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை வந்தது. தெளுவுக்குத் தடையில்லை. ஆனால் இரண்டும் ஒரே பாளையிலிருந்து ஒரே முட்டியில் வடிவதுதான். சுண்ணாம்பு போட்டால் தெளுவு, போடாவிட்டால் கள். மரத்தில் முட்டி தொங்கினாலே ஒருவனைச் சந்தேகப்படலாம் என்று ஆனபிறகு, கேஸுக்குப் பயந்தே பாதிப்பேர் ஏறுவதை விட்டார்கள். அதே வருடங்களில் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகிக்கொண்டிருந்தன. விழுந்தால் இடுப்பு போகும் வேலை ஒரு பக்கம், மின்விசிறிக்குக் கீழே வாரச் சம்பளம் மறுபக்கம். பிறகென்ன. எங்கள் காட்டுக்கு வந்தவரின் மகன் கட்டிங் மாஸ்டர் ஆனார். பல வருடம் கழித்துத் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மறுபடி ஏறத் தோன்றவில்லையா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவைத்தேன். ‘மரமேறியாவே இருந்திருந்தா எனக்கு ஆருங்க பொண்ணு குடுப்பாங்க?’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இவ்வளவையும் சொன்னதற்குக் காரணம் உங்கள் ஐவரி கோஸ்ட் மரங்கள்தான். தொல்காப்பியம் உள்ளே வயிரம் (கெட்டியான பகுதி) உள்ளதை மரம் என்றும், வெளியே வயிரம் உள்ளதைப் புல் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் கமுகும் புல். இன்றைய தாவரவியலும் பனையை வேம்போடு சேர்க்காமல் புல் இருக்கும் ஒருவித்திலை வகுப்பில்தான் வைக்கிறது. வேம்பை வெட்டினால் பக்கத்தில் துளிர்க்கும். பனைக்கு உச்சியில் இருக்கும் அந்த ஒரு குருத்துதான் உயிர். அதைத் தொட்டால் கதை முடிந்தது. அதனால்தான் நீங்கள் பார்த்த இடத்தில் கள் எடுப்பதும் மரத்தைக் கொல்வதும் ஒரே காரியமாக இருக்கிறது.

நம் ஆட்கள் குருத்தைத் தொடுவதில்லை, பாளையைத்தான் தொடுகிறார்கள். விரியாத பாளையைச் சேர்த்துக் கட்டி, கடிப்பால் (இடுக்கி போன்ற கட்டையால்) நாள்கணக்கில் இதமாக நசுக்கிப் பழக்கி, பிறகு தினமும் நுனியில் ஒரு வெற்றிலை கனத்துக்குச் சீவுகிறார்கள். ஆண் பனைக்கு ஒரு கை, பெண் பனைக்கு வேறொரு கை. அதிகம் நசுக்கினால் பாளை அழுகும், குறைந்தால் சுரக்காது. இப்படி எடுத்தால் ஒரே மரத்தில் அப்பனும் மகனும் பேரனும் எடுக்கலாம். ஏறுகிறவர் கூடவே காய்ந்த மட்டையைக் கழிப்பார், பன்னாடையை உருவுவார், கொண்டையில் வண்டு குடைந்திருந்தால் முதலில் பார்ப்பவரும் அவர்தான். உங்கள் அண்ணனின் தறிக்கொட்டாய் சீட்டு உடைந்ததற்குக் காரணம் பனை இல்லை, பனையிலிருந்து ஆள் இறங்கிப் போனதுதான். உங்கள் துறையில் இதை எப்படி எழுதுவீர்களோ தெரியாது. எனக்குத் தெரிந்து, இந்த ஊரில் அழிந்துகொண்டிருப்பது பனை இனம் அல்ல, அதில் ஏறும் கை. கை போனால் மரம் வெறும் விறகு. விறகு சூளைக்குத்தான் போகும்.

அண்ணனிடம் சத்தம் போட்டதில் உங்களுக்குப் பாதி நியாயம் உண்டு. 2021-இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே, மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அரசு அறிவித்துவிட்டது. அதை அவருக்குச் சொல்லுங்கள், தம்பியாகச் சொல்லுங்கள். மீதிப் பாதி நியாயம் அவர் பக்கம். பத்து நாள் வருகிறவர் ரசிப்பதற்காக 355 நாள் இருப்பவர் மட்டைக்கும் பழத்துக்கும் கீழே தலையைக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. மரத்தை நேசிப்பவர்கள்மேல் எனக்குள்ள சந்தேகம் இதுதான். அந்த நேசத்துக்கான செலவை அநேகமாக வேறு யாரோ கட்டிக்கொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் இப்போது அம்மா 60 தொட்டிக்குத் தண்ணீர் சுமக்கிறார் பாருங்கள், அந்த மாதிரி.

சரி, உலகப் பனைத் தோப்பு. உலகத்தில் ஏறத்தாழ 2,600 பனை வகைகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மழைக்காட்டுப் பிள்ளைகள், நிழலும் ஈரமும் இல்லாமல் ஒரு கோடையைத் தாண்டாது. உங்கள் ஊரோ காற்றாலை சுற்றுகிற ஊர். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இலையைக் கிழித்துத் தோரணம் ஆக்கிவிடும். ஆயிரம் அடி போர்வெல் தண்ணீரைச் சொட்டுக் குழாயில் விட்டு அவற்றை உயிரோடு வைக்கலாம்தான். பக்கத்துக் காட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் லாரி பிடிக்கும் கோடையில் அதைச் செய்ய உங்களுக்கு மனசு வராது என்று நினைக்கிறேன். மடகாஸ்கரின் வறண்ட பக்கத்து நீலச்சாம்பல் பனை, பிஸ்மார்க்கியா, தாங்கும். அது நம் ஊர் நர்சரியிலேயே கிடைக்கிறது. கோயமுத்தூரில் பங்களா கட்டுகிறவர்கள் எல்லாரும் வாசலில் இரண்டு வைக்கிறார்கள். நீங்களும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

ஆனால் பெட்டியில் விதை கொண்டுவரும் யோசனையை விட்டுவிடுங்கள். இதில் எனக்குத் தயவுதாட்சண்யம் கிடையாது. 2016-இல் பொள்ளாச்சித் தென்னைகளில்தான் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி. செடிகளோடு செடியாகக் கடல் தாண்டியது. ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை மாவு, அது வடிக்கும் தேன்பிசினில் கரும்பூசணம் படிந்து, ஆனைமலைப் பக்கம் தோப்புகளே புகை பிடித்தது மாதிரி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதோடு கேரள வேர்வாடல் நோயும் சேர்ந்துகொள்ள, காய்த்துக்கொண்டிருந்த மரங்களை வேரோடு சாய்த்த குடும்பங்கள் உண்டு. நாமும் யோக்கியர்கள் இல்லை. நம் பக்கத்துச் சிவப்புக் கூன்வண்டு, பனங்கன்று வியாபாரத்தில் ஏறி வளைகுடாவுக்கும் மத்தியதரைக்கடல் ஊர்களுக்கும் போய் அங்கே பேரீச்சையைக் குடைந்துகொண்டிருக்கிறது. விதை பெரும்பாலும் சாதுதான், ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் தாவரத் தடைக்காப்பு ஆணை என்று 2003-இல் ஒன்று போட்டது சும்மா இல்லை. பாதுகாப்பு பேசுகிறவர் சுங்கத்தில் ஒளித்துக்கொண்டு வரக்கூடாது.

சேகரிப்பவர்களை நான் கேலி செய்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மொரிஷியஸில் குரேபிப் ஊர்த் தாவரவியல் தோட்டத்தில் ஹையோஃபோர்பே அமரிகாலிஸ் என்று ஒரு பனை இருக்கிறது. அதன் இனத்தில் உலகத்திலேயே மிஞ்சியிருப்பது அந்த ஒரே மரம். ஆண்பூ ஒரு சமயம், பெண்பூ வேறொரு சமயம் மலர்வதால் தனக்குத்தானே கருவுறுவதும் அரிது. காட்டில் நிறைய நின்றபோது யாராவது உங்களைப் போன்ற பித்தர் பத்து விதையை நாலு இடத்தில் ஊன்றியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது. வங்காளத்தில் கொரிஃபா தலியெரா என்ற பனை. தஹினா மாதிரி ஒரே ஒரு முறை பூத்துச் சாகும் ஜாதி. காட்டில் கடைசியாக நின்ற மரம் 1979-இல் சாந்திநிகேதனுக்குப் பக்கத்தில் பூத்தது. அப்படியொரு பூவை அந்த ஊர்க்காரர்கள் பார்த்ததே இல்லை. பேய் பிடித்த மரம் என்று பயந்து, காய் முற்றும் முன்பே வெட்டிவிட்டார்கள். கையில் அரிவாளோடு மரத்தைச் சுற்றி நின்றவர்களில், இது என்னவென்று தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் போதும்.

அதனால் உங்கள் பித்தை விடச் சொல்லவில்லை, வீட்டுப் பக்கம் திருப்பச் சொல்கிறேன். தாளிப்பனை நம்முடையது. தஹினாவுக்கு அக்கா மாதிரி. முப்பதிலிருந்து எண்பது வருடம் வளர்ந்து ஒரே தடவை பூக்கும். தாவர உலகத்தின் மிகப் பெரிய பூங்கொத்து அதனுடையது என்கிறார்கள். குடைக்கும் சுவடிக்கும் ஓலை கொடுத்த மரம், இன்று கொங்கில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்? மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடிப் பாறைச் சரிவுகளில் வரைக்கமுகு தொங்கிக்கொண்டிருக்கிறது. தென்னிந்திய மலைகளைத் தவிர அதற்கு வேறு வீடு கிடையாது. வால்பாறைக் காட்டுப் பிரம்பும் பனைக் குடும்பம்தான். சத்தியமங்கலம் மலையில் பழங்குடிப் பெண்கள் அறுத்துவரும் ஓலையில் கட்டிய விளக்குமாறு உங்கள் வீட்டு மூலையிலேயே இருக்கலாம். அது குட்டை ஈச்சை. நைரோபியிலிருந்து மடகாஸ்கர் பனைகளின் லத்தீன் பெயரைச் சொல்லும் நீங்கள் அந்த மாறு எந்தப் பனை என்று யோசித்திருக்கிறீர்களா? குத்திக்காட்டவில்லை, எனக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கோயமுத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டல அலுவலகமும் பெரிய உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன. அடுத்த விடுமுறையில் முறைப்படி அனுமதி கேட்டு ஒரு நாள் அங்கே செலவழியுங்கள். மடகாஸ்கருக்கு ஆகும் விமானக் கட்டணம் மிச்சம்.

இனி ஏழு ஏக்கர். முதல் வேலை நடுவது இல்லை. மிஞ்சியிருக்கும் 19 மரத்துக்கு ஒரு ஆள். தாராபுரம், வெள்ளகோயில் பக்கம் தெளுவு இறக்குகிறவர்கள் இன்னும் அங்கங்கே இருக்கிறார்கள். சீசனில் ரோட்டோரம் முட்டியோடு உட்கார்ந்திருப்பவரிடம் வண்டியை நிறுத்திப் பேசினாலே ஆள் கிடைக்கும். பத்தொன்பது மரத்தை மட்டும் நம்பி யாரும் வரமாட்டார்கள், பக்கத்துக் காட்டு மரங்களையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும். குத்தகை என்று ஒரு ரூபாயும் அவரிடம் வாங்காதீர்கள். மட்டை கழிக்கக் கூலி நீங்கள் கொடுங்கள், தெளுவும் கருப்பட்டியும் அவருக்கு. விபத்துக் காப்பீடு உங்கள் செலவு. அவர் வீட்டுப் பிள்ளையின் படிப்புக்கு ஏதாவது செய்ய முடிந்தால் செய்யுங்கள், அந்தப் பிள்ளை ஏறாமலே போனாலும் சரி. உங்கள் அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் அவரை ‘வாங்க’ என்று கூப்பிட வேண்டும். இதைத் திட்ட அறிக்கையில் எழுத இடம் இருக்காது, ஆனாலும் நான் இதை முதல் நிபந்தனையாக வைப்பேன்.

அப்புறம் விதை. கன்று வாங்கி நடாதீர்கள். பனங்கொட்டை முளைப்பது ஒரு விசித்திரம். முளை மேலே வராது. கொட்டையிலிருந்து ஒரு தண்டு கீழே இறங்கி, முழ ஆழத்தில் கிழங்கு கட்டும். நாம் தை மாதம் தோண்டி வேகவைத்துத் தின்பது அதைத்தான். தோண்டாமல் விட்டால் அதற்குப் பிறகுதான் பச்சை ஓலை தலை காட்டும். பாக்கெட்டில் வளர்த்தால் கீழே இறங்க வழியில்லாமல் மடங்கிக்கொள்ளும். அதனால் நேரடியாகப் பொழியில் குழி எடுத்து, ஆவணி புரட்டாசியில் குழிக்கு இரண்டு கொட்டை. தண்ணீர் வேண்டாம், ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். ஆணா பெண்ணா என்று தெரிய பதினைந்து, இருபது வருடம் ஆகலாம். ‘தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்’ என்று நம் ஊரில் சொல்வது சும்மா இல்லை. உங்கள் மூன்று வருடத் திட்டம், ஐந்து வருடத் திட்டம் எதிலும் பனை அடங்காது.

உங்கள் தொழில் பயன்படும் இடம் ஒன்று இருக்கிறது. 2021-இல் பனை மேம்பாட்டு இயக்கம் என்று 76 லட்சம் விதை, ஒரு லட்சம் கன்று என அறிவித்தார்கள். 2024-இல் காவிரிக் கரை நெடுக ஒரு கோடி விதை என்று அறிவிப்பு வந்தது. அதில் நம் ஈரோடு, நாமக்கல், கரூரும் உண்டு. நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று கொட்டை ஊன்றுகிற போட்டோக்கள் வந்தன. ஊன்றியதை எல்லாரும் எண்ணினார்கள். முளைத்ததை எண்ணியவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. பனங்கொட்டைக்கு எதிரி வறட்சி இல்லை. கிழங்குக்குத் தோண்டுகிறவர், பொழியில் பூண்டு பொசுக்க வைக்கும் தீ, களைக்கொல்லி, எல்லாவற்றுக்கும் மேல் வாய்க்கால் வழிக்க வரும் ஜேசிபி. நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆள். உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் ஊன்றிய ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு, மூன்றாம் வருடம் போய் எத்தனை நிற்கிறது, நிற்காதவை எதனால் போயின என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏழாம் வருடம் மறுபடி. நன்கொடை கொடுத்தவர் யாரும் கேட்காமல் நீங்கள் எழுதும் முதல் அறிக்கையாக அது இருக்கும்.

பொழுதுபோக்குதானா என்று கேட்டீர்கள். ஆமாம், பொழுதுபோக்குதான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தஹினாவின் விதையைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லாரும் பொழுதுபோக்குக்காரர்கள்தானே. ஆனால் அந்தக் காசு கிராமத்துக்குப் போகும்படி யாரோ உட்கார்ந்து ஏற்பாடு செய்தார்கள். அந்த ஏற்பாட்டைத்தான் உங்கள் பொழியிலும் செய்யச் சொல்கிறேன். தொட்டிகளில் பாதியை அம்மாவுக்காகவாவது குறையுங்கள்.

ஆவணியில் லீவு கிடைக்குமா? எங்கள் காட்டில் இன்னும் ஆறு பனை நிற்கிறது, நாலு பெண். அப்போது பழம் விழ ஆரம்பித்திருக்கும். ஒரு சாக்குக் கொட்டை எடுத்துவைக்கிறேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சாக்கைத் தூக்க ஆள் வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வந்துவிட்டால், எங்கள் பனையோலைக்கு அடியில் உழவாரன் குருவி எச்சிலால் ஒட்டிவைத்திருக்கும் கூட்டைக் காட்டுகிறேன். கீழே நின்றபடியேதான் காட்ட முடியும்.

அன்புடன்.